வயிறு சொல்லும் சேதி

கேள்வி: நானும் கணவரும் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். மூன்றாம் வகுப்பு படிக்கும் மகன் தினமும் காலையில் வயிறு வலிக்கிறது என்று அழுகிறான். டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார். நடிக்கிறானா?
– ஒரு வாசகி, நெருப்பெரிச்சல்

பதில்: நடிப்பு இல்லைம்மா, அந்த வலி நிஜம். குடலுக்கும் மூளைக்கும் நேரடி நரம்புத் தொடர்பு உண்டு. பயத்தைச் சொல்ல எட்டு வயதில் வார்த்தை கிடைக்காது, வயிறுதான் சொல்லும். ஞாயிற்றுக்கிழமையும் வலிக்கிறதா என்று பாருங்கள். பள்ளி நாளில் மட்டும் என்றால் காரணம் அங்கே இருக்கலாம்: கேலி, அடி, எழுத்துக் கூட்டி வாசிக்க முடியாத அவமானம். உங்களைப் பிரிகிற ஏக்கமாகவும் இருக்கலாம். ஆர்டர் நேரத்தில் நீங்கள் திரும்புவதற்குள் பிள்ளை தூங்கிவிடுகிறான் அல்லவா?

“ஏன் அழறே?” என்று கேட்காதீர்கள். “இன்னிக்கு யார் பக்கத்துல உட்கார்ந்தே?” என்று கேளுங்கள், பேச்சு தானாக வரும். பத்து நிமிடம் போதும், கையில் போன் இல்லாமல். ஒருநாள் அரை நாள் லீவு போட்டு வகுப்பாசிரியரைப் பாருங்கள். அந்தக் கூலி போனாலும் பரவாயில்லை.

இரண்டு வாரத்தில் மாறாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம். அதுவரை, தயவுசெய்து அவனைப் பொய்யன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.