எந்த நூறு, தம்பி?



நகைக்கடையில் சேர்ந்து பதினைந்து நாள் ஆகிறது, சதவீதக் கணக்கு என்றாலே உனக்குக் கை உதறுகிறது என்று உன் அப்பா சொன்னார். உனக்கு மட்டும் தனியாக எழுதியிருக்கலாம். உன்னைப் போல் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். முப்பத்திரண்டு வருஷம் பில் போட்டவன் நான். பள்ளிக்கூடத்தில் கணக்கில் முப்பத்தைந்தைத் தாண்டியதில்லை. அதனால் பயப்படாதே.

சதவீதம் என்றால் நூற்றுக்கு இத்தனை. அது உனக்கே தெரியும். எந்த நூறு என்று கேட்க மறக்கும்போதுதான் கணக்கு காலை வாரிவிடும்.

நான் சேர்ந்த புதிது. ஆடி மாதம். கடை வாசலில் ‘சேதாரத்தில் 3 சதவீதம் தள்ளுபடி’ என்று போர்டு தொங்கியது. ஆவணியில் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருந்த ஓர் அம்மா ஒரு பவுன் சங்கிலியை எடுத்தார். சேதாரம் 12 சதவீதம். பன்னிரண்டில் மூன்று போனால் ஒன்பது என்று அவர் மனசுக்குள் போட்டுவைத்திருந்தார். நானோ அந்தப் பன்னிரண்டில் நூற்றுக்கு மூன்று, அதாவது 0.36 மட்டும் கழித்து, 11.64 என்று சீட்டு எழுதினேன். புரிவதற்காக கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள். எட்டு கிராம் 80,000. அவர் கணக்குப்படி சேதாரம் 7,200 ரூபாய். என் சீட்டில் 9,312. இடையில் 2,112 ரூபாய்.

இரண்டு பேர் கணக்கும் தப்பில்லை, போர்டுதான் தப்பு. அவருக்கு நூறு என்பது தங்கத்தின் எடை, எனக்கு நூறு என்பது சேதாரம். அந்த அம்மா சண்டை போடவில்லை. சீட்டை நாலாக மடித்துக் கண்ணாடி மேல் வைத்துவிட்டு எழுந்து போனார். முதலாளி என்னைத் திட்டவில்லை, போர்டையும் மாற்றவில்லை. அன்றிலிருந்து நான் ‘மூன்று சதவீதம் குறையும்’ என்று யாரிடமும் சொன்னதில்லை. ‘பன்னிரண்டு இருந்தது, ஒன்பது ஆகிறது’ என்று இரண்டு எண்ணையும் வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். நீயும் அப்படியே சொல்லு.

கல் வைத்த நெக்லஸ் வந்தால் இன்னும் உஷாராக இரு. மொத்த எடை 12 கிராம், கல் 2 கிராம் என்றால் தங்கம் பத்துதான். 12 சதவீதத்தைப் பத்துக்குப் போட்டால் 1 கிராம் 200 மில்லி. பன்னிரண்டுக்குப் போட்டால் 1 கிராம் 440 மில்லி. அந்த 240 மில்லி, நம் கணக்கில் 2,400 ரூபாய், கல்லுக்குப் போட்ட சேதாரம். கல்லில் என்ன சேதாரம்? கேட்கத் தெரிந்த வாடிக்கையாளர் கேட்டுவிடுவார். கேட்கத் தெரியாதவரிடமும் கழித்தே போடு.

அடுத்தது ஜிஎஸ்டி. 2017 ஜூலையிலிருந்து நகைக்கு 3 சதவீதம். பில்லில் ஒன்றரை ஒன்றரையாகப் பிரிந்து நிற்கும். சேதாரம் பன்னிரண்டு, வரி மூன்று, ஆக பதினைந்து என்று கூட்டிவிடாதே. வரி, சேதாரமும் சேர்ந்த தொகைக்கு. 80,000 ரூபாய்ச் சங்கிலி, சேதாரம் 9,600, ஆக 89,600. அதற்கு வரி 2,688. பில் 92,288. பதினைந்து போட்டிருந்தால் 92,000 வந்திருக்கும். அந்த 288 ரூபாய் இடிக்கும்போது ராத்திரி கல்லா கணக்கு முடியாது, நீயும் வீட்டுக்குப் போக முடியாது.

இதையே திருப்பிக் கேட்பார்கள்: “வரி இல்லாமல் எவ்வளவுப்பா?” 92,288-லிருந்து மூன்று சதவீதம் கழித்தால் 89,519 ரூபாய் சொச்சம் வரும், 89,600 வராது. ஏறும்போது இருந்த நூறு வேறு, இறங்கும்போது இருக்கும் நூறு வேறு. 1.03-ஆல் வகுத்தால் சரியாக வந்து நிற்கும். விலை பத்து சதவீதம் ஏறி, பிறகு பத்து சதவீதம் இறங்கினாலும் இதே கதைதான்: 10,000 ரூபாய் 11,000 ஆகி, 9,900-ல் வந்து நிற்கும்.

மனக்கணக்குக்குப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். 24.300 கிராம் வளையலுக்கு 12 சதவீதமா? புள்ளியை ஓரிடம் தள்ளினால் பத்து சதவீதம், 2.430. இரண்டிடம் தள்ளி இரட்டித்தால் இரண்டு சதவீதம், 0.486. கூட்டினால் 2.916. ஐம்பது கிராமுக்கு 18 சதவீதம் என்று வந்தால் புரட்டிப் போடு: பதினெட்டுக்கு ஐம்பது சதவீதம், ஒன்பது கிராம். இரண்டும் ஒன்றுதான்.

நம் பழைய கணக்குப்பிள்ளைகள் எண்சுவடியை மனப்பாடம் செய்து இதைத்தான் வேறு பெயரில் போட்டார்கள். இருபதில் ஒன்று ‘மா’, அதாவது ஐந்து சதவீதம். இருமா பத்து, அரைமா இரண்டரை. பதினேழரை சதவீதம் என்று கேட்டால் நீ கால்குலேட்டரைத் தேடுவாய். இருமா, மா, அரைமா என்று பார்த்தால் முதலில் பத்து, அதில் பாதி, அந்தப் பாதியில் பாதி. மூன்றையும் கூட்டினால் முடிந்தது.

கடைசியாக, கடை விஷயம் இல்லை, உன் சட்டைப் பை விஷயம். கூட வேலை பார்ப்பவர் யாராவது ‘ரெண்டு வட்டிதான் தம்பி’ என்று கைமாற்று தருவார். பேங்கில் பன்னிரண்டு சதவீதம் என்கிறார்களே, இது ரெண்டுதானே என்று தோன்றும். பேங்க் சொல்வது வருஷத்துக்கு. இவர் சொல்வது மாதத்துக்கு, நூற்றுக்கு இரண்டு. வருஷத்துக்கு 24. இதில் ஏமாந்தவர்களில் என்னைவிட நன்றாகக் கணக்குப் படித்தவர்களும் உண்டு.

நாளைக்குக் கடை திறந்து போணி ஆவதற்குள் ஒரு எஸ்டிமேட் சீட்டை எடு. எட்டு கிராம் சங்கிலி, சேதாரம் 14 சதவீதம். கால்குலேட்டரைத் தொடாமல் போட்டுப் பார். 1 கிராம் 120 மில்லி வர வேண்டும்.