கப்பலைப் பார்த்துக் கல்யாணப் பத்திரிகை

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, அங்கு நூறு பேரில் ஏறக்குறைய 15 பேருக்குத் தமிழ் தாய்மொழி. துறைமுகத்தில் வேலை செய்வோர் இருக்கிறார்கள். கடை வைத்திருப்போர் இருக்கிறார்கள். இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களும் உண்டு. 1964-ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் ஏற்பட்டது. அதன்பின் தாயகம் திரும்பியவர்களில் சிலர் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டார்கள்.

சொந்தங்கள் பல தீவுகளில் இருக்கின்றன. கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டிலும் இருக்கின்றன. ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் எல்லோரும் ஒன்றுகூட வேண்டும். நடுவில் இருப்பது கடல்.

தமிழ்நாட்டில் ஒரு கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு பத்திரிகை கொடுத்தாலும் போதும். பேருந்து ஏறி வந்துவிடுவார்கள். தீவில் அது நடக்காது. பத்திரிகை வீட்டுக்கு வருவதற்குள் கப்பல் போயிருக்கும்.

கப்பல் கணக்கு

சென்னையிலிருந்து ஸ்ரீ விஜயபுரத்துக்குக் கடல் வழியில் ஏறக்குறைய 1,190 கிலோமீட்டர். போர்ட் பிளேர் என்று இருந்த ஊருக்குத்தான் 2024-ஆம் ஆண்டு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. கப்பலில் வர இரண்டரை நாள் முதல் மூன்று நாள் வரை ஆகும். விமானத்தில் இரண்டரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ஆனால் குடும்பத்தோடு விமானத்தில் வர எல்லோரிடமும் பணம் இருக்காது.

கப்பல் தினமும் கிடையாது. மாதத்தில் சில முறைதான் உண்டு. ஒரு கப்பலைத் தவறவிட்டால், அடுத்த கப்பலுக்கு ஒரு வாரமோ அதற்கு மேலோ காத்திருக்க வேண்டும்.

தீவுக்குத் தீவு போவதும் எளிதல்ல. கச்சால் தீவு ஸ்ரீ விஜயபுரத்துக்குத் தெற்கே ஏறக்குறைய 400 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. கேம்ப்பெல் பே 500 கிலோமீட்டருக்கு மேல். வடக்கே டிக்லிப்பூருக்குச் சாலை வழியில் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். அந்தச் சாலை ஜாரவா பழங்குடி மக்கள் வாழும் காட்டின் வழியே போகிறது. அந்தக் காட்டில் நினைத்த நேரத்தில் போக முடியாது. குறித்த நேரங்களில், வண்டிகள் வரிசையாகச் சேர்ந்துதான் போக வேண்டும்.

கடலின் குணத்தையும் பார்க்க வேண்டும். மே மாத நடுவில் மழைக்காலம் தொடங்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் வரலாம். அப்போது கப்பல் தாமதமாகும், நின்றும் போகும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். தை, மாசி, பங்குனி மாதங்கள் இந்தக் காலத்தில் வருவது நல்லதாகப் போயிற்று.

இரண்டு மனக்குறைகள்

ஸ்ரீ விஜயபுரத்தில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் சுமை தூக்கும் வேலை. அம்மா மாலை வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர். அவர்களுக்கு இரண்டு பெண்கள்.

மூத்த பெண்ணின் கல்யாணத்தில் இரண்டு மனக்குறைகள் ஏற்பட்டன.

பெண்ணின் தாய்மாமன் மதுரையில் இருக்கிறார். அவருக்குப் பத்திரிகை கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு கிடைத்தது. அவர் சென்னைக்கு ஓடினார். கப்பல் முதல் நாளே போய்விட்டது. தாய்மாமன் இல்லாமலே கல்யாணம் முடிந்தது. மாமன் மாலையை வேறொருவர் போட்டார். "என்னை வேண்டாம் என்று நினைத்துத்தான் கடைசியில் அனுப்பினார்கள்" என்று மாமன் வருந்தினார்.

அப்பாவின் அக்கா கச்சாலிலிருந்து வந்திருந்தார். பந்தியில் எல்லோரும் முண்டியடித்து உட்கார்ந்தார்கள். அவருக்கு நான்காவது பந்தி வரை இலை கிடைக்கவில்லை. மதியம் அவர் கப்பல் ஏற வேண்டும். சாப்பிடாமலே புறப்பட்டுவிட்டார். அதைக் கல்யாண வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை.

இரண்டிலும் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. நேரத்தைக் கணக்குப் பார்க்காததுதான் குறை. இளைய பெண்ணுக்குக் கல்யாணம் பேசியதும், அம்மா ஒரு நோட்டு வாங்கினார். தேதிகளை எழுதத் தொடங்கினார்.

பின்னாலிருந்து எண்ணுவது

கல்யாணம் பிப்ரவரி 8. அம்மா அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினார். கடைசி நேரக் கப்பலை அவர் நம்பவில்லை. அதற்கு முந்திய கப்பலை வைத்துக்கொண்டார்.

பிப்ரவரி 8 – கல்யாணம்.
பிப்ரவரி 1 – கப்பல் வந்து சேர வேண்டும்.
ஜனவரி 29 – கப்பல் சென்னையிலிருந்து புறப்பட வேண்டும்.
ஜனவரி 27 – மாமன் இரவில் மதுரையில் ரயில் ஏற வேண்டும்.
ஜனவரி 5 – மாமன் கையில் பத்திரிகை இருக்க வேண்டும். லீவு கேட்கவும், பணம் சேர்க்கவும், டிக்கெட் எடுக்கவும் நாள் வேண்டும்.
டிசம்பர் 20 – பத்திரிகையைத் தபாலில் போட வேண்டும்.
டிசம்பர் 10 – அச்சகத்தில் கொடுக்க வேண்டும்.

டிசம்பர் 10 முதல் பிப்ரவரி 8 வரை சரியாக 60 நாள். அதாவது, தீவுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வேலை இரண்டு மாதம் முன்பே தொடங்க வேண்டும்.

கப்பல் புறப்படும் நாள் இவ்வளவு முன்பே உறுதியாகத் தெரியாது. அது மாறலாம். அதனால்தான் ஒரு வாரம் இடைவெளி விட்டு எண்ண வேண்டும். கப்பல் நாள் உறுதியானதும் போனில் சொல்ல வேண்டும். 2020-ஆம் ஆண்டு சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலுக்கு அடியில் கேபிள் போடப்பட்டது. அதன்பின் பல தீவுகளில் போன் வசதி மேம்பட்டிருக்கிறது.

அப்படியானால் பத்திரிகை எதற்கு? போனில் சொன்னது செய்தி. பத்திரிகை மரியாதை. நாள் குறித்ததும் போனில் சொல்லலாம். பத்திரிகை பின்னால் போய்ச் சேரலாம். உள்ளூரில் இருப்போருக்கு வெற்றிலை பாக்கோடு நேரில் கொடுப்பதே நல்லது.

பத்திரிகையில் கவனிக்க வேண்டியவை

விலாசத்தைத் தெளிவாக எழுத வேண்டும். பின்கோடு எழுத மறக்கக் கூடாது. அந்தமான் நிக்கோபார் தீவுகளின் பின்கோடுகள் எல்லாம் 744 என்று தொடங்கும்.

ஊர்ப் பெயர்கள் மாறியிருக்கின்றன. 2018-ஆம் ஆண்டு ஹேவ்லாக் தீவுக்கு சுவராஜ் தீவு என்றும், நீல் தீவுக்கு ஷாஹீத் தீவு என்றும் பெயர் வைத்தார்கள். பழைய பெயர்தான் பலருக்குத் தெரியும். அதனால் மண்டபத்தின் விலாசத்தில் இரண்டு பெயரையும் அச்சிடலாம்.

தீவில் பக்கத்து வீட்டுக்காரர் வங்காளியாக இருப்பார். எதிர் வீட்டுக்காரர் தெலுங்கராக இருப்பார். பொதுவாகப் பேசும் மொழி இந்தி. ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் இந்தி என்று அச்சிட்டால் எல்லோரும் படிப்பார்கள்.

நேரத்தையும் யோசித்துப் போட வேண்டும். தீவுகள் கிழக்கே இருக்கின்றன. சென்னையைவிட ஏறக்குறைய 50 நிமிடம் முன்பே அங்கு சூரியன் உதிக்கும். அதேபோல முன்பே மறையும். பிப்ரவரித் தொடக்கத்தில் மாலை ஐந்தரை மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். மாலை வரவேற்பை ஏழு மணிக்கு வைத்தால், தூரத்திலிருந்து வருவோர் இருட்டில் திரும்ப வேண்டும். நான்கு மணிக்கு வைத்தால் நல்லது.

கல்யாணம் நிக்கோபார் தீவுகளில் நடந்தால் இன்னொன்றும் உண்டு. அவை பழங்குடி மக்களுக்குப் பாதுகாக்கப்பட்ட தீவுகள். வெளியிலிருந்து வருவோர் அரசு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அதற்கும் சேர்த்து நாள் கணக்கிட வேண்டும்.

வருவீர்களா என்று கேட்டால் போதாது

முன்பெல்லாம் பதில் அட்டையும் சேர்ந்த இரட்டை அஞ்சலட்டை இருந்தது. ஒரு பாதியில் கேள்வி வரும். மறு பாதியில் பதில் எழுதி அனுப்புவார்கள். இப்போது போனில் கேட்கலாம். ஆனால் எதைக் கேட்பது?

"கல்யாணத்துக்கு வருவீர்களா?" என்று கேட்டால், எல்லோரும் "கட்டாயம் வருவோம்" என்பார்கள். நல்ல காரியத்துக்கு "வரமாட்டோம்" என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. அந்தப் பதிலை வைத்து அரிசி வாங்க முடியாது.

அம்மா வேறு விதமாகக் கேட்டார்.

"அண்ணே, பத்திரிகை வந்துச்சா?"

"வந்துச்சும்மா. கண்டிப்பா வந்துடுறோம்."

"அது எனக்குத் தெரியும்ணே. எத்தனை பேர், எந்தக் கப்பல், அதைச் சொல்லுங்க. நோட்டுல எழுதணும்."

"நானும் உன் மதினியும் வர்றோம். சின்னவனும் வர்றான். பெரியவனுக்குப் பரீட்சை. அவன் வரலை. மூணு பேருன்னு எழுதிக்க."

"மாசக் கடைசிக் கப்பல்தானே? திரும்பிப் போற கப்பலும் விசாரிச்சுச் சொல்றேன். அதுவரைக்கும் நம்ம வீட்டுலதான் தங்கணும்."

அம்மாவின் நோட்டில் ஐந்து கட்டங்கள் இருந்தன. பெயர், ஊர், எத்தனை பேர், வரும் கப்பலும் போகும் கப்பலும், தங்கும் இடம். ஜனவரி 12-க்குள் எல்லோரிடமும் கேட்டு எழுதி முடித்தார்.

ஏன் ஜனவரி 12? அரிசி, பருப்பு, வெங்காயம் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்தும் மற்ற மாநிலங்களிலிருந்தும் கப்பலில்தான் வருகின்றன. கடைசி நாளில் குறைந்தால் விலை ஏறும், கிடைக்காமலும் போகும். கூடிவிட்டால் வீணாகும். கடன் வாங்கிச் சமைத்த சோற்றைக் குழியில் கொட்ட வேண்டிவரும். அதனால் மளிகைக் கடைக்காரரிடம் முன்பே கணக்குச் சொல்ல வேண்டும்.

அம்மாவின் கணக்கு இது.

உள்ளூர் – 210 பேர்
மற்ற தீவுகள் – 54 பேர்
தமிழ்நாடு – 36 பேர்
மொத்தம் – 300 பேர்

சொல்லாமல் வருவோரும் இருப்பார்கள். அதற்காகப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 30 பேரைச் சேர்த்தார். மொத்தம் 330 இலை.

பந்தியில் யார் முதலில்?

மண்டபத்தில் ஒரு பந்திக்கு 60 பேர் உட்காரலாம். 330 பேருக்கு ஐந்து பந்தி போதாது. ஆறு பந்தி வேண்டும். சாப்பிட அரை மணி நேரம், சுத்தம் செய்து இலை போடப் பத்து நிமிடம். ஒரு பந்திக்கு 40 நிமிடம். ஆறு பந்திக்கு 240 நிமிடம். அதாவது நான்கு மணி நேரம். காலை 11 மணிக்குத் தொடங்கினால் பிற்பகல் 3 மணிக்கு முடியும்.

மதியம் 2 மணிக்குப் படகு ஏற வேண்டியவர் ஐந்தாவது பந்தியில் உட்கார முடியுமா? முடியாது. இதை முன்பே யோசிக்க வேண்டும்.

அம்மாவும் அப்பாவும் இப்படி முடிவு செய்தார்கள். முதல் பந்தி படகும் கப்பலும் பிடிப்போருக்கு. அவர்களோடு முதியவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்கள். இரண்டாவது பந்தி தூரத்து ஊர்களுக்குச் சாலை வழியாகத் திரும்புவோருக்கு. அடுத்தவை உள்ளூர்க்காரர்களுக்கு. கடைசிப் பந்தி கல்யாண வீட்டாருக்கு. பணக்காரர், ஏழை, சாதி, பதவி எதையும் பார்க்கவில்லை. யாருக்கு அவசரம், யாருக்குப் பசி தாங்காது என்பதை மட்டும் பார்த்தார்கள்.

முகூர்த்தம் பார்க்க உட்காரும்போதும் இப்படியே. முன் வரிசையில் பெரியவர்களும் தூரத்திலிருந்து வந்தவர்களும். தெரிந்த இளைஞர் இருவர் வாசலில் நின்று, வருவோரை அழைத்துப் போய் உட்கார வைத்தார்கள். பந்திக்கும் அவர்களே அழைத்துப் போனார்கள்.

கச்சால் அக்கா தயங்கிக்கொண்டு ஓரமாக நின்றார். அம்மா அவர் கையைப் பிடித்தார்.

"அண்ணி, உங்க இலை முதல் பந்தியில இருக்கு. கப்பலுக்கு நேரமிருக்கு. நிதானமாச் சாப்பிடுங்க."

அவர் வயிறாரச் சாப்பிட்டார். பேத்திக்குப் பாயசம் கேட்டு வாங்கிக் கொடுத்தார். மதுரை மாமன் ஒரு வாரம் முன்பே வந்து, பந்தல் போடுவதிலும் கூட நின்றிருந்தார். இந்த முறை மாமன் மாலையை அவரே போட்டார்.

நினைவில் வையுங்கள்

1. கல்யாண நாளைப் பார்த்து மட்டும் பத்திரிகை அனுப்பாதீர்கள். கப்பல் நாளைப் பார்த்து அனுப்புங்கள்.
2. கடைசிக் கப்பலை நம்பாதீர்கள். அதற்கு முந்திய கப்பலைக் கணக்கில் வையுங்கள்.
3. "வருவீர்களா?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "எத்தனை பேர்? எந்தக் கப்பல்?" என்று கேளுங்கள்.
4. வந்தவர் திரும்பிப் போகும் வழியையும் நீங்களே விசாரித்து வையுங்கள்.
5. சீக்கிரம் போக வேண்டியவருக்கு முதல் இலை போடுங்கள்.

பயிற்சி

1. ஒரு கல்யாணத்துக்கு 400 பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் எத்தனை இலை வேண்டும்?
2. ஒரு பந்திக்கு 80 பேர் உட்காரலாம். மேலே வந்த எண்ணிக்கைக்கு எத்தனை பந்தி வேண்டும்? ஒரு பந்திக்கு 40 நிமிடம் என்றால் மொத்தம் எவ்வளவு நேரம் ஆகும்?
3. உங்கள் வீட்டில் அடுத்து நடக்க இருக்கும் விசேஷம் எது? அதற்கு வெகு தூரத்திலிருந்து வர வேண்டியவர் யார்? அவர் புறப்பட வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, அவருக்கு என்று செய்தி சொல்ல வேண்டும் என்று உங்கள் நோட்டில் எழுதுங்கள்.