கர்ப்பகாலப் பராமரிப்பும் மனநிறைவும்



கிளினிக்கிலிருந்து திரும்பும் கர்ப்பவதியை, “எப்படிப் பார்த்தார்கள்?” என்று கேளுங்கள். “நன்றாகத்தான் பார்த்தார்கள்” என்பாள். “தாதி என்ன சொன்னார்?” என்று கேட்டால் விழிப்பாள். இவ்விரண்டு விடைகளையும் வைத்தே இன்றைய பாடத்தைத் தொடங்குவோம்.

மனநிறைவு என்பது யாது? எதிர்பார்த்ததும் கிடைத்ததும் ஒத்திருப்பதேயாகும். ஆதலின், குறைவாக எதிர்பார்ப்பவள் குறைவானதிலும் திருப்தி கொள்வாள். மருத்துவத்தின் தரத்தை அமைப்பு, செய்முறை, பலன் என மூன்றாக வகுத்து ஆராயும் வழியை 1966-இல் அவேடிஸ் டொனபேடியன் என்னும் அறிஞர் காட்டினார். நாமும் அவ்வாறே நோக்குவோம்.

1. அமைப்பு: உட்கார இடம், மறைவான பரிசோதனை அறை, போதிய தாதியர் ஆகியவை இதில் அடங்கும். அரைநாள் காத்திருந்து கூலியை இழந்தவள், அடுத்த தவணைக்கு வரத் தயங்குவாள்.

2. செய்முறை: எடை, இரத்த அழுத்தம், சிறுநீர், இரத்தம் ஆகியவற்றைச் சோதித்தால் மட்டும் போதாது, கண்டதை அவளுக்குப் புரியும் மொழியில் சொல்லுதலும் வேண்டும். மலேசியாவில் தாய்மாருக்கு வழங்கப்பட்டு வந்த இளஞ்சிவப்புப் புத்தகத்தில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என நிறக் குறிகள் உண்டு. சிவப்பென்றால் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். நிறத்தின் பொருளறியாத தாய்க்கு அக்குறியால் என்ன பயன்?

3. பலன்: 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் அது சோகை. இரத்த அழுத்தம் 140/90-ஐ எட்டினால் எச்சரிக்கை. இவ்விரண்டும் தொடக்கத்தில் எவ்வித வலியுமின்றி வரக்கூடும். தாய் நலமாகவே உணர்வாள்; சோதித்தால்தான் தெரியும். ஆகவே, மனம் கசந்து தவறவிடும் ஒரு தவணை, தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்தாக முடியலாம்.

இதனை உணர்ந்தே உலகச் சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட பரிந்துரையில், குறைந்தது 8 சந்திப்புகள் வேண்டும், முதலாவது 12 வாரத்திற்குள் நிகழ வேண்டும் என்று கூறியது. தாய்க்கு நல்ல அனுபவம் கிட்டுவதையும் அது நோக்கமாகக் கொண்டது.

ஆதலால் அடுத்த தவணையில் இம்மூன்றையும் கேளுங்கள்: என் இரத்த அழுத்தம் எவ்வளவு? ஹீமோகுளோபின் எவ்வளவு? என் நிறம் எது, அதன் பொருள் என்ன?

கணவன்மாரே! அவள் வீடு திரும்பியதும் இதே மூன்றையும் நீங்களும் கேளுங்கள். விடை தெரிந்து வரும் நிறைவே மெய்யான மனநிறைவாகும்.