கருவிலிருக்கும் உயிரின் மாண்பு

(இரண்டாம் ஆண்டு மாணவி, இளம் அறிவியல், விலங்கியல்)

பிறந்த உயிருக்காகப் பேசுவோர் பலர். பிறக்கவிருக்கும் உயிருக்காகப் பேசுவோர் சிலரே. அவ்வுயிருக்குக் குரல் இல்லை, பெயர் இல்லை, வாக்குச் சீட்டும் இல்லை. ஆகவே அதனை எண்ணாமல் இருந்துவிடுவது எவர்க்கும் எளிது. கருவில் இருப்பது ஓர் உயிர்தானா? உயிர் எனில் அதன் மதிப்பு யாது? அம்மதிப்பைக் காக்க வேண்டியவர் யார்? இம்மூன்று வினாக்களுக்கும், விலங்கியல் பயிலும் மாணவி என்ற முறையிலும், பாகாயத்தில் ஒரு தோல் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவள் என்ற முறையிலும், எனக்கு எட்டிய விடைகளை இக்கட்டுரையில் கூற முயல்கிறேன்.

நம் முன்னோர் நோக்கு

இவ்வினா இன்று எழுந்ததன்று. புறநானூற்றின் 74ஆம் பாடல், சோழன் செங்கணானிடம் தோற்றுச் சிறைப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை பாடியது. அதில் ஒரு பழைய வழக்கம் பேசப்படுகிறது. மறக்குடியில் குழந்தை இறந்தாலும், உருவம் கொள்ளாத தசைப்பிண்டமாகவே பிறந்தாலும், அதனை மனிதக் கணக்கிலிருந்து தள்ளிவிட மாட்டார்கள். வீரனுக்குரிய வாள் வடுவை அதற்கும் அளிப்பார்கள். அவ்வழக்கம் இன்று நமக்கு வேண்டியதில்லை. ஆயினும் அதனுள் இருக்கும் எண்ணம் கவனிக்கத் தக்கது. ஒரு சொல் பேசாத, ஒரு நாளும் வாழாத ஒன்றையும் தம்மில் ஒருவராக எண்ணியவர்கள் நம் முன்னோர்.

அறிவியல் கூறுவது

எங்கள் கருவியல் ஆய்வகத்தில் கோழிக் கருவின் வளர்ச்சி நிலைகளை நுண்ணோக்கி வழியே காண்கிறோம். 24 மணி நேரக் கருவில் ஒரு கோடு போன்ற அமைப்புதான் முதலில் கண்ணில் படும். 48 மணி நேரக் கருவில் வளைந்த இதயமும் கண்ணின் தொடக்கமும் தெரிகின்றன. அடைகாத்த இரண்டாம் நாளிலேயே அவ்விதயம் துடிக்கத் தொடங்கிவிடுகிறது.

மனிதக் கருவின் கதையும் இதைப் போன்றதே. தாயிடமிருந்து 23, தந்தையிடமிருந்து 23 என 46 குரோமோசோம்கள் ஒன்று சேர்ந்ததும், அதற்கு முன் உலகில் இல்லாத ஒரு புதிய மரபமைப்பு தோன்றுகிறது. கருவுற்ற ஏறத்தாழ 22ஆம் நாளில் இதயக் குழல் துடிக்கத் தொடங்குகிறது. 28ஆம் நாள் அளவில் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடிப்படையான நரம்புக் குழல் மூடிக்கொள்கிறது. எட்டாம் வாரம் முடிவதற்குள் முதன்மை உறுப்புகள் யாவும் தொடக்கம் பெற்றுவிடுகின்றன. (மருத்துவர்கள் கடைசி மாதவிலக்கிலிருந்து கணக்கிடுவதால், அவர்கள் சொல்லும் வாரக் கணக்கு இதைவிட இரண்டு வாரம் கூடுதலாக இருக்கும்.)

ஆக, அது உயிருள்ளது. மனித இனத்தைச் சேர்ந்தது. தாயின் உடலுக்குள் இருந்தாலும் தனக்கென மரபமைப்பு உடையது. இவ்வளவையும் அறிவியல் ஐயமின்றிக் கூறுகிறது. ஆனால் அவ்வுயிருக்கு எவ்வளவு மதிப்புத் தர வேண்டும் என்பதை எந்த நுண்ணோக்கியும் காட்டாது. சிலர் இதயத் துடிப்பிலிருந்து என்பர். சிலர் வெளியே பிழைக்கும் ஆற்றல் வந்தபின் என்பர். சிலர் கருவுற்ற நொடியிலிருந்தே என்பர். இந்த ஐயத்தை எப்படித் தீர்ப்பது?

பாலாறு தந்த நீதி

இதற்கு வழிகாட்டும் ஒரு நெறி நம் பாலாற்றங்கரையிலிருந்தே கிடைக்கிறது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்ததை எதிர்த்து, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் தண்டம் விதித்த அத்தீர்ப்பு, முன்னெச்சரிக்கைக் கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. மீட்க முடியாத கேடு நேரக்கூடும் என்னும் இடத்தில், அறிவியல் உறுதி இன்னும் முழுமையாகவில்லை என்பதைக் காரணம் காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது. கேடு இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு செயலைச் செய்பவரையே சாரும். இதுவே அக்கொள்கையின் சாரம்.

ஆற்றுக்குப் பொருந்தும் இந்நெறி கருவுக்குப் பொருந்தாதா? ஓர் உயிர் அழிந்தால் அதனினும் மீட்க முடியாத கேடு வேறில்லை. ஐயம் இருக்கும்போது, தனக்காகப் பேச இயலாதவர் பக்கம் நிற்பதே நீதி என்பது என் துணிபு.

எனினும் ஒரு வேறுபாட்டை மறைத்தல் தகாது. பாலாற்று வழக்கில் மறுபுறம் நின்றது இலாபம். இங்கே மறுபுறம் நிற்பவள் ஒரு பெண். அவளுக்கும் உயிர் உண்டு, உடல் உண்டு, துயரம் உண்டு. ஆகவே இங்குத் தராசு நுட்பமாகப் பிடிக்கப்பட வேண்டும்.

சட்டம் கூறுவது

நம் நாட்டுச் சட்டம் கருவை ஒன்றுமில்லாத பொருளாகக் கருதவில்லை. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, தந்தை இறக்கும்போது தாயின் வயிற்றில் இருந்து, பின்னர் உயிரோடு பிறக்கும் குழந்தைக்கும் சொத்தில் சம உரிமை உண்டு. மரண தண்டனை பெற்ற பெண் கர்ப்பிணி எனத் தெரிந்தால், உயர் நீதிமன்றம் அத்தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைக்க வேண்டும் என்பதும் சட்டமே.

அதேவேளையில், 1971ஆம் ஆண்டு மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம், குறித்த காரணங்களுக்காகப் பதிவு பெற்ற மருத்துவர் கருவைக் கலைக்க இடமளித்தது. 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தும், 20 முதல் 24 வாரம் வரை சில வகைப் பெண்களுக்கு இரு மருத்துவர்களின் கருத்தும் தேவை. அதற்கு மேல், கருவில் கடுமையான குறைபாடு உண்டென மருத்துவக் குழு கண்டால் மட்டுமே அனுமதி உண்டு. தாயின் உயிரைக் காக்க உடனடியாகச் செய்ய வேண்டிய நிலைக்கு இக்கால வரம்பு தடையில்லை.

2023ஆம் ஆண்டு அக்டோபரில், இரு குழந்தைகளுக்குத் தாயான ஒரு பெண்ணின் 26 வாரம் கடந்த கருவைக் கலைக்க உச்ச நீதிமன்றம் அனுமதி மறுத்தது. பேறுகால மனநோயால் துன்புற்றிருந்த அவருடைய கருவில் குறைபாடு இல்லை என மருத்துவக் குழு தெரிவித்திருந்தது. பேற்றுச் செலவை அரசே ஏற்கும். குழந்தையைத் தத்துக் கொடுப்பதா என்பதைப் பெற்றோரே முடிவு செய்யலாம் என்ற ஏற்பாட்டோடு அவ்வழக்கு முடிந்தது. மறுத்த கை உதவவும் நீண்டது என்பதே அவ்வழக்கில் நான் கண்ட பாடம்.

தாயை மறந்த சட்டம்

தாயை மறந்து கருவை மட்டும் காக்க முற்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு அயர்லாந்து சான்று. கர்நாடகத்திலிருந்து அங்குச் சென்று வாழ்ந்த பல் மருத்துவர் சவிதா ஹாலப்பனவர், 2012ஆம் ஆண்டு அக்டோபரில், 17 வாரக் கரு சிதையத் தொடங்கிய நிலையில் கால்வே நகர மருத்துவமனையில் இருந்தார். கருவின் இதயம் துடிக்கிறது என்று கூறிக் கலைப்பு மறுக்கப்பட்டது. இரத்தத்தில் நச்சேறி அவர் இறந்தார், கருவும் பிழைக்கவில்லை. 1983இல் அந்நாட்டு அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட கருக்கலைப்புத் தடையை 2018இல் மக்கள் வாக்களித்து நீக்கினார்கள்.

உயிரைப் போற்றுகிறோம் என்போர் இந்நிகழ்ச்சியை மறத்தலாகாது. வன்கொடுமைக்கு ஆளான சிறுமியையும், உயிருக்குப் போராடும் தாயையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது கருவின் மாண்பைக் காப்பது ஆகாது.

பெண் கரு

மறுபுறத்தில், எந்த நெருக்கடியும் இல்லாமல், பெண் என்ற ஒரே காரணத்துக்காகக் கரு அழிக்கப்படும் கொடுமை உண்டு. இதில் தராசுக்கு வேலையே இல்லை. தமிழகத்தில் பெண் சிசுக் கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது. கருவில் பால் அறிவதைத் தடை செய்யும் சட்டம் 1994இல் இயற்றப்பட்டு, 1996இல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு நாடு முழுவதும் 1991இல் 945ஆக இருந்த பெண் குழந்தைகள் 2001இல் 927ஆகக் குறைந்தனர். தமிழகத்தில் அவ்வெண்ணிக்கை 2001இல் 942, 2011இல் 943.

இவ்வெண்களை நான் வெறும் எண்களாகப் படிக்க இயலாது. நான் என் பெற்றோருக்கு மூன்றாம் பெண். அப்பாவுக்குத் தோல் ஷாப்பில் வேலை. அம்மாவுக்கு ஷூ கம்பெனியில் தையல். நான் வயிற்றில் இருந்தபோது, “இதுவும் பொட்டப் புள்ளையா இருந்தா என்னா பண்ணுவ? போய்ப் பாத்துட்டு வந்துடு” என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்களாம்; பணம் கொடுத்தால் சொல்லிவிடுவார்கள் என்று ஓர் இடத்தையும் காட்டினார்களாம். சட்டம் வந்து பல ஆண்டுகள் ஆனபின் நடந்தது இது. என் ஆயா, அதாவது அப்பாவின் அம்மா, எழுதப் படிக்கத் தெரியாதவர். “எதுவா இருந்தாலும் வரட்டும், நான் வளத்துக்கறேன்” என்று அவர் சொன்னதோடு பேச்சு முடிந்தது. அம்மா மீண்டும் கம்பெனிக்குப் போனபோது என்னை வளர்த்தவரும் அவரே.

அவர் சொன்னதில் இரண்டு பகுதிகள் உள்ளன. ‘வரட்டும்’ என்பது உயிருக்குத் தரும் மதிப்பு. ‘நான் வளத்துக்கறேன்’ என்பது தாய்க்குத் தரும் துணை. முதற்பகுதியை மட்டும் உரக்கச் சொல்வோர் நாட்டில் பலர் உளர். இரண்டாம் பகுதி இல்லாத முதற்பகுதி வெறும் உபதேசமே.

வேலூரின் பாடம்

அந்த இரண்டாம் பகுதியைச் செயலில் காட்டிய ஊர் வேலூர். 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர், மருத்துவரான தம் தந்தையுடன் திண்டிவனத்தில் இருந்தபோது, ஓரிரவில் மூவர் வந்து பேறுகால வேதனையிலிருந்த தங்கள் மனைவியரைக் காக்க அவரை அழைத்தனர். அவரோ அப்போது மருத்துவம் கற்கவில்லை. ஆண் மருத்துவரை உள்ளே விட அக்குடும்பங்கள் இசையவில்லை. மூன்று பெண்களும் இறந்தனர். அந்த இரவே அவரை மருத்துவராக்கியது. 1900இல் திரும்பி வந்து வேலூரில் பணி தொடங்கினார். 1902இல் மருத்துவமனையும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் எழுந்தன. அப்பள்ளியே இன்றைய கிறித்தவ மருத்துவக் கல்லூரி. பாகாயத்திலுள்ள அதன் சமூக நலப் பிரிவு, கணியம்பாடி ஒன்றியத்துக் கிராமங்களில் கர்ப்பிணிகளை வீடு தேடிச் சென்று கவனித்து வருகிறது.

கருவிலும் குழந்தைப் பருவத்திலும் கிடைக்கும் ஊட்டம் வாழ்நாள் முழுதும் தொடரும் என்பதை ஆராய உதவியதும் இம்மண்ணே. 1969 முதல் 1973 வரை வேலூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் பிறந்த குழந்தைகள் பதிவு செய்யப்பட்டனர். அவர்களில் 2,218 பேர் 26 முதல் 32 வயதில் மீண்டும் சோதிக்கப்பட்டனர். பிள்ளைப் பருவத்தில் மெலிந்திருந்து, பின்னர் விரைந்து எடை கூடியவர்களிடம் சர்க்கரைக் கோளாறு மிகுந்திருந்தது.

நாம் செய்யத் தக்கன

மூன்றாம் வினாவுக்கு விடை இப்போது தெளிவு. கருவைக் காக்க வேண்டியவர் தாய் மட்டும் அல்லர். தாயைச் சுற்றியுள்ள நாம் அனைவருமே. நரம்புக் குழல் மூடும் 28ஆம் நாளில் தான் கருவுற்றதையே பல பெண்கள் அறிந்திருக்க மாட்டார்கள். ஆகவே ஃபோலிக் அமிலம் கருவுறும் முன்பே தொடங்கப்பட வேண்டும். இதனைத் தம் வீட்டில் திருமணமான அக்காமாருக்கும் அண்ணிமாருக்கும் எடுத்துரைக்க அறிவியல் மாணவர்களைவிடத் தக்கவர் யார்? ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் இரும்புச் சத்து மாத்திரைகள் அடுக்களைப் பரணில் கிடப்பதை நாம் பார்த்ததில்லையா? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் அளவுக்கு உதவி உண்டு; பதிவு செய்யத் தெரியாமல் அதனை இழப்போர்க்கு விண்ணப்பம் நிரப்பித் தருவதும் உயிர் காக்கும் பணியே.

என் மூத்த அக்கா இப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. காலையில் கம்பெனி வேன் ஏறி, நாள் முழுதும் நின்றபடி பசை தடவும் வேலை. உட்கார்ந்து செய்யும் வேலை கேட்டாள், ‘பார்க்கலாம்’ என்றார்கள். மகப்பேற்று விடுப்பு 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 26 வாரம் ஆயிற்று என்பதும், பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தாலே அவ்வுரிமை உண்டு என்பதும், நான் சொல்லும் வரை அவளுக்குத் தெரியாது. அவளுடன் வேன் ஏறும் மற்றப் பெண்களுக்கும் தெரியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்களை எங்கள் வீட்டுத் திண்ணைக்கு அழைத்திருக்கிறோம். இவ்வுரிமைகளைத் தமிழில் ஒரே தாளில் எழுதித் தரப் போகிறேன்.

தோழர், தோழியரே! கருவிலிருக்கும் உயிர் மாண்புடையது என்று மேடையில் முழங்குதல் எளிது. பேருந்தில் கர்ப்பிணிக்கு எழுந்து இடம் தருவதும், அவள் உண்டாளா என்று கேட்பதும், பெண் குழந்தை பிறந்த வீட்டில் முகம் சுளிக்காமல் சர்க்கரை வாங்கித் தின்பதும், தவறி நின்ற பெண்ணை ஏசாமல் அவளுக்கு ஆள்துணையாக நிற்பதும் சற்றே கடினம். அக்கடினமான பணியை ஏற்போமாயின், உலகைக் காண வரும் ஒவ்வோர் உயிரும் அச்சமின்றி வந்து சேரும்.