இறுகிய பிறேக்கை வீட்டிலேயே கண்டறிவோம்

நுவரெலியாவிலிருந்து லபுக்கலை வழியாக இறம்பொடைக்கு வரும்போது வீதி ஏறக்குறைய 900 மீற்றர் கீழே இறங்குகிறது. மரக்கறி மூட்டைகளோடு 1500 கிலோ நிறையுள்ள ஒரு ‘பட்டா’ லொறி அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிவரும் சக்தி, சுமார் 40 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். அதில் ஒரு பங்கை எஞ்சினும் காற்றும் ஏற்கும். மிச்சமெல்லாம் பிறேக்கில் சூடாகத்தான் சேரும். நான்கு சக்கரங்களில் ஒன்று முன்னதாகவே இறுகிச் சூடேறியிருந்தால், கீழே வரும்போது அந்தப் பிறேக்கின் நிலை என்ன?

இந்த வீதியின் ஓரம் எப்படிப்பட்டது என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. 2025 மே 11 ஆம் திகதி கொத்மலை கரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அது பிறேக் கோளாறால் நடந்தது என்று நாம் சொல்லவில்லை. இங்கே பிழைக்கு இடமில்லை என்பதற்காகவே நினைவூட்டுகிறோம்.

இப்போது இதை எழுத ஒரு காரணம் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளால் நுவரெலியா மாவட்டத்தில் பல குடும்பங்கள் வீட்டையும் தோட்டத்தையும் விட்டு வெளியேற நேர்ந்தது. இப்படி இடம்பெயரும்போது வாகனம் கைப்பிறேக் இழுத்தபடி வாரக்கணக்கில் மழையில் நின்றுவிடும். றம்முக்குள் ஈரம் புகுந்து, துரு ஏறி, லைனிங் றம்மோடு ஒட்டிக்கொள்ளும். கைப்பிறேக் கேபிளின் உறைக்குள்ளும் துரு பிடிக்கும். மறுபடி ஓடத் தொடங்கும்போது வண்டி நகர்ந்துவிடும். ஆனால் பிறேக் முழுதாக விடாது.

எந்தச் சக்கரம் என்று முதலில் பார்ப்போம். இறக்கத்தில் வந்தபின் எல்லாச் சக்கரமும் சுடும், எனவே அப்போது தொட்டுப் பார்ப்பதில் பயனில்லை. இறம்பொடையிலிருந்து லபுக்கலைப் பக்கம் சில கிலோமீற்றர் ஏறிச் செல்லுங்கள். ஏற்றத்தில் பிறேக்குக்கு வேலை குறைவு. இடம் பார்த்து நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொடக்கூடாது. மூன்று வெதுவெதுப்பாக இருக்க ஒன்று மட்டும் அனல் அடித்தால் அதுதான் ஆள். கருகிய வாடை, வண்டி ஒரு பக்கம் இழுத்தல், சிறு சரிவில் நியூட்ரலில் விட்டாலும் உருளாமல் நிற்றல் ஆகியவையும் அடையாளங்கள். சூடான டிஸ்க்கிலோ றம்மிலோ தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. வேண்டாம், வெடிப்பு விழும்.

ஆறியபின் சமதரையில் நிறுத்தி, தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, கியரை நியூட்ரலுக்கு எடுத்து, கைப்பிறேக்கை விட்டு, அந்தச் சக்கரத்தை ஜக்கில் தூக்குங்கள். ஜக்கை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே புகக்கூடாது. ஒருவர் பிறேக்கை நன்றாக மிதித்து விடட்டும். மற்றவர் உடனே சக்கரத்தைக் கையால் சுற்றட்டும். இலேசான உரசல் சத்தம் பரவாயில்லை. இரு கையாலும் சுற்ற முடியாவிட்டால் பிறேக் பிடித்திருக்கிறது.

பின்சக்கரமானால், கைப்பிறேக் கேபிளின் நட்டைத் தளர்த்திப் பாருங்கள். சக்கரம் உடனே விடுபட்டால் கோளாறு கேபிளில். இது செலவு குறைந்த கோளாறு, பெரும்பாலும் புதிய கேபிளோடு முடிந்துவிடும்.

விடுபடாவிட்டால்தான் முக்கியமான சோதனை. ஒவ்வொரு சக்கரத்தின் பிறேக்கிலும் காற்று எடுக்கும் நிப்பிள் ஒன்று உண்டு. அதற்குச் சிறு குழாயை மாட்டி, மறுமுனையைப் போத்தலில் விட்டு, ரிங் ஸ்பானரால் கால் சுற்று திறவுங்கள். (துருப்பிடித்த நிப்பிளை முரட்டுத்தனமாகத் திருகினால் முறியும், முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள்.) பிறேக் ஒயில் பீறிட்டு வந்து சக்கரமும் விடுபட்டால், கோளாறு சக்கரத்தில் இல்லை. மிதித்த அழுத்தம் திரும்பிப் போக வழியில்லாமல் நிற்கிறது. திறந்தபின்னும் சக்கரம் அசையாவிட்டால், துருப்பிடித்த பிஸ்டன், கலிப்பர் நகரும் பின், அல்லது றம்முக்குள் ஷூ இறுகியிருக்கிறது.

அழுத்தம் எங்கே நிற்கிறது? ஒரு சக்கரம் மட்டுமானால் அதற்குப் போகும் ரப்பர் ஹோஸைச் சந்தேகியுங்கள். வெளியே நல்லதாகத் தெரியும். உள்ளே ரப்பர் வீங்கி, சைக்கிள் ரியூப் வால்வு போல ஒரு வழியாக மட்டும் விடும். காலின் பலத்தால் ஒயில் போய்விடுகிறது, திரும்பி வர அந்தப் பலம் இல்லை. எல்லாச் சக்கரமும் சேர்ந்து இறுகினால் மாஸ்டர் சிலிண்டர். பெடலுக்குச் சிறிது வெற்று அசைவு இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஒயில் திரும்பும் சிறு துளை அடைபட்டே இருக்கும்.

எல்லாம் ஒன்றாக இறுகுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: யாரோ பிறேக் ஒயிலுக்குப் பதில் எஞ்சின் ஒயில் ஊற்றியிருப்பது. ரப்பர் சீல்கள் எல்லாம் ஊதிவிடும். அதைக் கழுவினால் மட்டும் போதாது. ரப்பர்களையும் மாற்ற வேண்டும். நூறு ரூபாயை மிச்சம் பிடிக்க நினைத்து ஒரு முழுத் தொகுதியை இழப்பது இப்படித்தான்.

பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். எமது பனிமூட்டமும் மழையும் அதற்கு வசதி. டொட் 3 வகை ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த அளவு 140 வரை இறங்கலாம். இறுகிய பிறேக்கின் சூட்டில் அது கொதித்துக் குமிழியானால், அழுத்திய பெடல் அடிவரை போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒயிலை மாற்றுங்கள். திறந்து வைத்த பழைய டின்னை ஊற்ற வேண்டாம்.

நிப்பிளைத் திறந்து சோதித்தபின் காற்று முழுவதையும் எடுத்து, ஒயில் நிரப்பி, பெடல் உறுதியாக நிற்கும்வரை வண்டியை வீதிக்கு எடுக்கக்கூடாது. கலிப்பர், மாஸ்டர் சிலிண்டர் வேலைகளைக் கராஜில் கொடுங்கள். எந்தச் சக்கரம், நிப்பிளைத் திறந்தபோது என்ன நடந்தது என்ற இரண்டையும் சொல்லிக் கொடுத்தால், தேவையற்ற உதிரிப்பாகங்களுக்குப் பணம் போகாது. றம்மைக் கழற்றினால் உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடையுங்கள்.

இனி நீண்ட நாள் வண்டியை விட்டுப் போக நேர்ந்தால் சமதரையில் நிறுத்தி, முதல் கியரில் போட்டு, நான்கு சக்கரத்துக்கும் கல் வையுங்கள், கைப்பிறேக்கை இழுக்காதீர்கள். ஒட்டிப்போன றம்மை முழு அக்சிலேட்டரில் இழுத்து விடுவிக்கக் கூடாது, லைனிங் பிய்ந்து வரும். றம்மின் விளிம்பைச் சுற்றிச் சுத்தியலால் மெதுவாகத் தட்டி, முன்னும் பின்னும் சிறிது நகர்த்தினால் பெரும்பாலும் விட்டுவிடும்.