ஆளில்லாத மாடியில் ராடு: கொற்கைத் தம்பிக்கு ஒரு கடிதம்



டெட்லிஃப்டில் கை தளர்ந்தால் ராடு தரையில் விழும், அத்தோடு முடிந்தது. பெஞ்ச் பிரஸ் அப்படியல்ல. மல்லாந்து படுத்தவரின் நெஞ்சு ராடுக்கும் தரைக்கும் நடுவில் இருக்கிறது. கை தளர்ந்தால் எடை நெஞ்சில் இறங்கி மூச்சை அழுத்தும். கொஞ்சம் மேலே நழுவினால் கழுத்தில் இறங்கும். கழுத்தில் இறங்கிய பிறகு கூப்பிடக் குரல் வராது, மூளைக்குப் போகும் ரத்தம் தடைபட்டுச் சில நொடிகளில் நினைவு தப்பிவிடும். ஜிம்மில் தலைமாட்டில் ஒருவர் சப்போர்ட்டுக்கு நிற்பது இதற்காகத்தான். வீட்டு மொட்டை மாடியில் அந்த ஆள் கிடையாது.

தம்பி அச்சிட்டிருக்கும் வீட்டுப் பயிற்சிக் கையேட்டில் உடம்பைச் சூடேற்றுவது, மூச்சு, முதுகின் நேர் ஆகியவற்றைப் பற்றி உள்ளதெல்லாம் சரி. ஒரு மாஸ்டர் இன்னொரு மாஸ்டருக்கு அவற்றைத் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. பேச வேண்டியது பெஞ்ச் பிரஸ் பக்கம் ஒன்றைப் பற்றித்தான்.

அந்தப் பக்கத்துப் படத்தில் கட்டைவிரல் மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கமாக நிற்கிறது. ராடு உள்ளங்கைமேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. மணிக்கட்டுக்கு இதம் என்று இப்படிப் பிடிக்கும் பெரிய ஆட்கள் உண்டு. அவர்களுக்குத் தலைமாட்டில் ஆள் நிற்கும். சித்திரை வெயிலில் உள்ளங்கை வியர்த்து, தனியாகப் படுத்திருப்பவர் கையில் ராடு உருண்டால் தடுக்க ஒரு விரல்கூட இல்லை. கையேட்டை வாங்கும் பதினெட்டு வயதுப் பையன் எழுத்தைப் படிக்கமாட்டான், படத்தைப் பார்த்துச் செய்வான். விளக்கம் ஒரு வரிகூட இல்லாமல் இப்படியொரு படத்தைப் போட்டது மன்னிக்கக்கூடிய தவறல்ல.

படத்துக்குக் கீழே, பிளேட் நழுவாமல் முனையில் மாட்டும் லாக்கைப் போடாமல் ராடைத் தொடக்கூடாது என்று கொட்டை எழுத்தில் ஒரு கட்டளை. நின்றபடி தூக்குகிறவருக்கு அது சரி. பக்கத்தில் தாங்குகம்பி இல்லாத சாதாரண ஸ்டாண்டில் தனியாகப் பெஞ்ச் போடுகிறவருக்கு அந்த லாக்தான் எமன். லாக் இல்லாவிட்டால், மாட்டிக்கொண்டவர் ராடை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிளேட்டைச் சரியவிட்டுத் தப்பலாம். ஒரு முனை காலியான கணமே மறு முனை வேகமாகக் கவிழும். அதனால் இரு பக்கமும் வெற்றிடம் வேண்டும், குழந்தைகள் அருகில் நிற்கக்கூடாது. படத்திலோ பெஞ்சின் இடது பக்கம் கைப்பிடிச் சுவரை ஒட்டியிருக்கிறது. பிளேட் சரிந்தால் சுவரில் முட்டி ராடிலேயே நின்றுவிடும்.

லாக்கைக் கழற்றிவிட்டால் மட்டும் போதாது. பாண்டியர் துறைமுகமாக இருந்த கொற்கையிலிருந்து கடல் இன்று சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. உப்புக்காற்று தள்ளிப் போகவில்லை. மாடியில் கிடக்கும் ராடின் முனை ஒரு மழைக்காலத்தில் துருவேறிச் சொரசொரப்பாகிவிடும், அதில் பிளேட் வழுக்காது. மாதம் ஒருமுறை முனைகளை உப்புத்தாளால் தேய்த்து எண்ணெய் தடவ வேண்டும். பிறகு சின்ன பிளேட்டை மாட்டி, ராடைச் சாய்த்து, அது தானாக இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். முனையில் திருகு வெட்டிய ராடுகளில் துரு இல்லாவிட்டாலும் பிளேட் சிக்கும். அவற்றை வைத்துத் தனியாகப் பெஞ்ச் போடவே கூடாது.

சாய்க்க முடியாதபோது, ராடை நெஞ்சிலிருந்து வயிற்றுவழியாக இடுப்புவரை உருட்டி எழுந்து உட்காரலாம். குறைந்த எடையில் இது நடக்கும், கூடுதல் எடையில் வயிறு தாங்காது. காசு இருப்பவர் நெஞ்சு மட்டத்துக்குச் சற்றுக் கீழே இரு பக்கமும் தாங்குகம்பி வைத்த ஸ்டாண்ட் வாங்குவது நல்லது. தலைச்சுமையோடு தனியே நடந்தவர், இறக்கிவிட ஆள் இல்லாத வழியில் சுமைதாங்கிக் கல்லில் பாரத்தை வைத்து இளைப்பாறினார். அந்தக் கல்லின் வேலையைத்தான் இந்தக் கம்பியும் செய்கிறது. காசு இல்லாதவர் டம்பெல்லுக்கு மாறலாம். தரையில் படுத்து டம்பெல் தூக்கினால் முழங்கை தரையில் தட்டி நிற்கும், கையைப் பக்கவாட்டில் விரித்து எடையை விட்டுவிடலாம்.

கையேடு முழுக்க எடையை எடுப்பதற்குப் படங்கள் இருக்கின்றன, விடுவதற்கு ஒன்றும் இல்லை. இந்தச் சீமையின் பழைய வழக்கம் இதற்கு நேர்மாறானது. இளவட்டக்கல்லைத் தூக்குகிறவர் குத்தவைத்து, கல்லைக் கட்டிப்பிடித்து, தொடைக்கும் நெஞ்சுக்கும் ஏற்றி, தோளுக்குக் கொண்டுபோய் முதுகுப்பக்கம் போட்டுவிடுவார். எந்த நிலையில் முடியாமல் போனாலும் கையை விரித்து விலகினால் கல் தரைக்குப் போகும். உடம்பு கல்லுக்கு அடியில் படுப்பதே இல்லை. பணகுடி அருகே வடலிவிளையில் பொங்கலுக்குப் பொங்கல் 129 கிலோ வரையுள்ள கற்களை இப்படித்தான் தூக்குகிறார்கள்.

முத்துக்குளிப்பும் அப்படியே. தூத்துக்குடியில் அது கடைசியாக நடந்தது 1961இல். குளியாளியைக் கீழே கொண்டுபோகும் கல்லை அவர் உடம்பில் கட்டியதில்லை. கயிற்றுக் கண்ணியில் கால் வைத்து நிற்பார், அடியைத் தொட்டதும் காலை எடுத்துவிடுவார். தோணியில் இருப்பவர் கல்லை மேலே இழுத்துக்கொள்வார். கீழிருந்து இன்னொரு கயிறு அசைந்தால் ஆளைத் தூக்குவார். கயிறு பிடிப்பவர் குளியாளியின் மைத்துனராகவே இருப்பார், தன் தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் இருப்பதால் கவனம் பிசகாது என்று கடற்கரையில் சொல்வார்கள். ஆள் இருந்த தொழிலிலேயே எடையை உடனே விடும் வழி இருந்தது. ஆளே இல்லாத மாடியில் அது எத்தனை மடங்கு வேண்டும்!

உப்புச் சாக்கில் மணல் நிரப்பி, மளிகைக் கடைத் தராசில் நிறுத்து, வாயை இரட்டையாகத் தைத்துப் பத்து, இருபது, முப்பது கிலோ மூட்டைகள் செய்யும் முறையைத் தம்பி எழுதியிருக்கும் பக்கம் அபாரமானது. வீட்டுப் பயிற்சிக்கு அதைவிடப் பாதுகாப்பான எடை இல்லை. கட்டிப்பிடித்துத் தூக்கலாம், தோளில் போடலாம், முடியாதபோது அப்படியே கீழே விடலாம், தளமும் உடையாது. இளவட்டக்கல்லின் புத்தி முழுவதும் அதில் இருக்கிறது. அப்படியொரு பக்கத்தை எழுதிய கைதான் பெஞ்ச் பக்கத்தையும் எழுதியது என்பதை நம்ப முடியவில்லை.

இன்னும் சில வரிகள் சேர வேண்டும். தனியாகத் தூக்குகிறவர் கை நிற்கும்வரை போகக்கூடாது. இன்னும் இரண்டு தடவை முடியும் என்ற நிலையிலேயே ராடை ஸ்டாண்டில் வைத்துவிட வேண்டும். மாடிக் கதவைத் தாழிடக்கூடாது. மேலே போவதை வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

மணல் மூட்டைப் பக்கத்துக்காகவே இந்தக் கையேடு தூத்துக்குடி, திருநெல்வேலிப் பையன்கள் அத்தனை பேர் கைக்கும் போகத் தகுந்தது. பெஞ்ச் பக்கத்துப் படத்தையும் லாக் கட்டளையையும் மாற்றும்வரை ஒரு பிரதிகூட வெளியே போகக்கூடாது.