கடை பிடிக்கும் முன் தூரத்தை அளப்போம்

சோழர் காலத்தில் தெலுங்குகுலகாலபுரம் என்ற பெயருடன் வணிக நகரமாக விளங்கியது நம் நார்த்தாமலை. அன்று ஊர் வணிகத்தை நகரத்தார் சபை கவனித்தது. இன்று எந்தச் சரக்கை எங்கே விற்கலாம் என்பதைச் சட்டங்கள் வகுத்துள்ளன. அட்வான்ஸ் கொடுத்த பிறகு விதி தெரிய வந்தால் நஷ்டம் நமக்கே. ஆகவே முக்கியமான தூர அளவுகளைக் கீழே தருகிறோம்.

1. புகையிலை: 2003ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கஜத்துக்குள் (சுமார் 91 மீட்டர்) பீடி, சிகரெட் விற்கக் கூடாது. பள்ளியின் மதில் அல்லது வேலியின் வெளி எல்லையிலிருந்து நேர்கோட்டில் அளக்க வேண்டும். சாலை வழியே 120 மீட்டர் வரும் கடை, நேர்கோட்டில் 80 மீட்டரிலேயே இருக்கலாம். 18 வயது நிரம்பாதவர்களுக்கு எங்குமே விற்கக் கூடாது.

2. மது: சில்லறை விற்பனை டாஸ்மாக் வசம் உள்ளது. கட்டடம் வாடகைக்கு விடுவோர் கவனிக்க: கோயில், பள்ளியிலிருந்து மாநகராட்சி, நகராட்சிகளில் 50 மீட்டரும் மற்ற ஊர்களில் 100 மீட்டரும் இடைவெளி வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டு விதி.

3. புராதனச் சின்னங்கள்: விஜயாலய சோழீச்சரம் போன்ற மத்தியத் தொல்லியல் துறைச் சின்னங்களின் பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்பக் கூடாது. பழுதுபார்க்கவும் அனுமதி தேவை. அடுத்த 200 மீட்டரில் அனுமதி பெற்றே கட்டலாம். 2010ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி, மீறினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

4. கஞ்சா: கனடாவில் 17-10-2018 முதல் இது சட்டப்படியான வணிகம். அங்கும் ஒண்டாரியோ மாநிலத்தில் பள்ளிக்கு 150 மீட்டருக்குள் கடை கூடாது. நம் நாட்டில் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி கஞ்சா விற்பது கடும் குற்றம். தம் கட்டடத்தில் விற்பது தெரிந்தும் அனுமதிக்கும் உரிமையாளருக்கும் தண்டனை உண்டு.

எனவே வணிகப் பெருமக்களே! இடம் பார்க்கும்போதே நாடாவால் அளந்து விடுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் என்ன வியாபாரம் என்பதை எழுதி வாங்குங்கள். அனுமதி கையில் கிடைத்த பிறகே முன்பணம் கொடுங்கள். முதலைக் காப்பதே முதல் லாபம்.